மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்: காரணம் உண்டா, வெறும் ஒப்பந்தமா?

சாட்ஸ்வொர்த் அப்பா: என் மகள் இங்கே தென்னாப்பிரிக்காவில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். −3 × −4 ஏன் 12 என்று கேட்டதற்கு, ‘விதி அப்படி, மனப்பாடம் செய்’ என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். என்னைக் கேட்டால் இது கணிதக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். கடனைக் கடனால் பெருக்கினால் எங்காவது செல்வம் வருமா?

ஃபீனிக்ஸ் ஆசிரியை: வராது ஐயா. நம் பணமான ராண்டை ராண்டால் பெருக்குவதற்கே பொருள் கிடையாது. கடன் கணக்கு கூட்டல் கழித்தலோடு சரி. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே செல்வம், கடன் என்று பெயரிட்டு இந்த விதியை எழுதினார். ஆனால் பெருக்கலுக்கான காரணம் அந்தப் பெயர்களில் இல்லை.

வெருலம் வாசி: தொட்டியில் மணிக்கு 3 செ.மீ. நீர் இறங்குகிறது என்றால், 4 மணி நேரத்துக்கு முன்பு 12 செ.மீ. கூடுதலாக இருந்திருக்கும். இறங்குவது −3, முன்பு என்பது −4. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சாட்ஸ்வொர்த் அப்பா: கடந்த நேரத்துக்கு மைனஸ் போட்டது நீங்கள், தம்பி. அது ஒரு தொட்டியின் கதை. எல்லா எண்களுக்கும் அது எப்படிச் சான்றாகும்? மசேரஸ் என்ற ஆங்கிலேயர் 1758இல் குறை எண்களையே, அதாவது மைனஸ் எண்களையே, ஏற்க மறுத்துப் புத்தகம் எழுதினார். அவர் கணிதம் தெரியாதவர் அல்ல.

ஃபீனிக்ஸ் ஆசிரியை: அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். ஒரு கட்டத்தாளை எடுங்கள். பத்துக்குப் பத்து, நூறு கட்டம். வலப்பக்கம் 3 நெடுவரிசைகளையும் கீழே 2 வரிசைகளையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது (10 − 3) × (10 − 2), அதாவது 7 × 8, 56. இப்போது கணக்காகப் பாருங்கள்: நூறில் 30 போயிற்று, 20 போயிற்று, மீதி 50. ஆறு எங்கே? வலது கீழ் மூலையில் இருக்கிறது. அங்கே பென்சில் இரண்டு முறை ஓடியிருக்கிறது. இரண்டு முறை கழித்ததை ஒரு முறை திருப்பிக் கூட்டியே ஆக வேண்டும். அந்த 6தான் −3 × −2. அதை −6 என்று வைத்தால் 44 வரும். கட்டங்களை எண்ணினால் 56தான் இருக்கும்.

சாட்ஸ்வொர்த் அப்பா: மூலை விளங்குகிறது அம்மா. ஆனால் அங்கே பத்து என்ற தாள் இருக்கிறது. தாளே இல்லாமல் தனியாக நிற்கும் −3க்கும், அடைப்புக்குள் இருப்பவற்றைத் தனித்தனியே பெருக்கிக் கூட்டலாம் என்ற பங்கீட்டு விதி செல்லும் என்று யார் சொன்னது?

ஃபீனிக்ஸ் ஆசிரியை: யாரும் சொல்லவில்லை, நாம் வேண்டும் என்கிறோம். ஒப்பந்தம் என்றால் அதுதான் ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்ட பிறகு விடை நம் கையில் இல்லை. −3 × (4 + −4) என்பது −3 × 0, அதாவது சுழி. முதல் பகுதியான −3 × 4 என்பது −12. மொத்தம் சுழியாக வேண்டுமானால் இரண்டாவதான −3 × −4 என்பது 12 ஆகத்தான் இருக்க முடியும். 1867இல் ஹாங்கல் என்ற ஜெர்மானியர் வலியுறுத்தியதும் இதுதான்: பழைய விதிகள் புதிய எண்களுக்கும் தொடர வேண்டும் என்றால் வேறு விடைக்கு இடமில்லை.

சாட்ஸ்வொர்த் அப்பா: ஒப்பந்தம் என்ற சொல்லை நான் விடப்போவதில்லை. ஆனால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இதற்கு வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

ஃபீனிக்ஸ் ஆசிரியை: கட்டாயம் ஒதுக்க வேண்டும். மகளிடம் சுழிக் கணக்கை முதலில் காட்டாதீர்கள் ஐயா. தாளையும் பென்சிலையும் கொடுங்கள், மூலையை அவளே கண்டுபிடிக்கட்டும்.