குழாய்த் தண்ணீர் போதுமா, ஆர்.ஓ. வாங்கியே ஆக வேண்டுமா?

ஈரக்கை:
வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது, புட்டிப்பால்தான். எங்களுடையது சிறிய நகரம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து விடுகிறார்கள். கீழே சம்ப், மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏற்றினால் அங்கிருந்து சமையலறைக்கு வரும். போன வாரம் முதல் குடம் மண் நிறத்தில் வந்தது, அப்புறம் தெளிந்துவிட்டது. அதே வாரம் ஆர்.ஓ. என்ற தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்பவர் ஒருவர் வந்தார். பேனா மாதிரி ஒரு மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் வைத்தார், 430 காட்டியது. தான் கொண்டு வந்த தண்ணீரில் வைத்தார், 40. "இதையா சார் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்?" என்றார். மனைவி இன்றைக்கே வாங்கச் சொல்கிறார். மாமனார், "இத்தனை வருஷமாக இதைத்தான் குடிக்கிறேன், எனக்கென்ன கேடு வந்தது" என்கிறார். என்ன செய்யலாம்?

ஏழாம்படி:
வாங்கிவிடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் யோசனை எதற்கு? அமெரிக்காவில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம், சுமார் ஒரு லட்சம் பேர். செலவைக் குறைக்கிறோம் என்று 2014 ஏப்ரலில் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாயில் இருந்த ஈயம் கரைந்து வீட்டுக்குள் வந்தது. அந்த வருஷம் அக்டோபரிலேயே அங்கிருந்த கார் எஞ்சின் ஆலை, பாகங்கள் அரிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. எஞ்சினுக்கு ஆகாத தண்ணீரைத்தான் மனிதர்களிடம் "நல்ல தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய தண்ணீருக்குத் திரும்ப 2015 அக்டோபர் ஆனது. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி. நம்மை யார் காப்பாற்றப் போகிறார்கள்?

பாசிப்படிக்கட்டு:
ஃபிளின்ட் நல்ல உதாரணம்தான், ஆனால் நீங்கள் சொல்லும் முடிவு அதிலிருந்து வரவில்லை. அங்கே உண்மையை வெளியே கொண்டுவந்தது ஆய்வு. மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியரின் குழு வீடு வீடாக மாதிரி எடுத்துச் சோதித்தது. மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார்.

அந்த விற்பனையாளரின் மீட்டரை ஃபிளின்ட் தண்ணீரில் வைத்திருந்தால் ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பு இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். மீட்டரின் ஒரு எண் ஒரு மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கை அது எப்படிக் காட்டும்? கிருமியையும் காட்டாது. சாக்கடைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டாலும் எண் அசையாது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் குதிக்கும். அந்த 430-ல் பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் இருக்கும். வாய்க்கு ருசியாக இருக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். நஞ்சு என்று சொல்ல அந்த எண் போதாது.

ஏழாம்படி:
மீட்டர் வித்தை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்.ஓ. ஈயத்தை எடுக்குமா, எடுக்காதா? அதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள்.

பாசிப்படிக்கட்டு:
எடுக்கும். ஃபுளூரைடு, நைட்ரேட், ஆர்செனிக் எல்லாவற்றையும் பெருமளவு எடுக்கும். அவை தண்ணீரில் இருந்தால் வாங்குங்கள், நானே சொல்வேன். இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் வடிகாலுக்குப் போகும் இயந்திரம் அது. இன்னொன்று, உள்ளே இருக்கும் கார்பன் வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடும். அதற்கப்புறம் இயந்திரத்தின் சின்ன டேங்கில் நிற்பது காவல் இல்லாத தண்ணீர். வடிகட்டியை நாள் கடந்து மாற்றினால் அதுவே கிருமிக்கு வீடு.

ஈரக்கை, உங்கள் வீட்டில் குழந்தைக்குப் புட்டிப்பால் என்பதால் முதலில் நைட்ரேட் பாருங்கள். போர் தண்ணீர் கலப்பதாகச் சொல்கிறீர்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பையே புட்டிப்பால் குழந்தைகளை மனதில் வைத்துத்தான் வகுத்தார்கள். அதற்கு மேல் போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் கூடத்தான் செய்யும்.

ஸ்பேனர்:
இருபது வருஷமாகப் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். இரண்டு பேருமே ஊர்த் தண்ணீரையும் இயந்திரத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். நடுவில் இருக்கும் சம்பையும் டேங்கையும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் ஆர்.ஓ., அதற்கு மேல் கிருமியைக் கொல்லும் யூ.வி. விளக்கு. பையனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. மேலே ஏறி டேங்க் மூடியைத் திறந்தேன். மூடி வெயிலில் விரிந்து ஒரு கை நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் நான்கு விரல்கடை சேறு. ஓவர்ஃப்ளோ பைப்புக்கு வலை இல்லை, அந்த வழியாக வந்த பல்லி ஒன்று ஊறிக் கிடந்தது. பையன் குடிப்பது வடிகட்டிய தண்ணீர், சரி. பல் துலக்குவது எந்தத் தண்ணீரில்? தட்டு கழுவுவது?

அப்புறம் சம்ப். பத்தடி தள்ளி செப்டிக் டேங்க் இருக்கும், சம்ப் சுவரில் விரிசல் இருக்கும். தண்ணீர் வராத நாளில் தெருக் குழாய் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே தேங்கிய அழுக்கு உள்ளே இறங்கும். முதல் குடம் மண் நிறமாக வந்தது என்கிறாரே, அதைப் பிடிக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். சிலர் தெருக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள், அதோடு சேர்த்துச் சாக்கடையையும் உறிஞ்சுகிறோம் என்று தெரியாமல். துணி ஊறும் வாளிக்குள் டியூபை முக்கி வைப்பதும் இதே கதைதான். அழுத்தம் இறங்கினால் சோப்புத் தண்ணீர் திரும்பக் குழாய்க்குள் ஏறும்.

ஏழாம்படி:
ஸ்பேனர் அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. யார் செய்வார்கள்? மாதம் ஒருமுறை மாடி ஏறி மூடியைத் திறந்து பார்ப்பேன் என்று இங்கே இருக்கிற யாராவது சத்தியம் செய்யுங்கள் பார்ப்போம். நான் செய்ய மாட்டேன். எனக்கு முட்டி வலி, அலுவலகம், இரண்டு குழந்தைகள். மனிதன் ஒழுங்காக இருக்க மாட்டான் என்று தெரிந்துதான் இயந்திரம் வாங்குகிறோம்.

பாசிப்படிக்கட்டு:
மாடி ஏற மறக்கிறவர் வடிகட்டி மாற்ற மட்டும் ஞாபகம் வைத்திருப்பாரா?

ஏழாம்படி:
வடிகட்டி மாற்றும் நாள் வந்தால் சர்வீஸ்காரரே போன் செய்வார். டேங்க் போன் செய்யாது.

பாசிப்படிக்கட்டு:
சிரித்துவிட்டேன். ஆனாலும் எல்லோரும் வீட்டுக்குள் வடிகட்டி மாட்டிக்கொண்டு ஒதுங்கினால் ஊர்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று கேட்க ஆள் இருக்காது. கனடாவில் வாக்கர்டன் என்று ஐயாயிரம் பேர் இருக்கும் ஊர். 2000 மே மாதம் பெருமழை பெய்து மாட்டுச் சாணக் கழிவு ஒரு கிணற்றில் இறங்கியது. குளோரின் போதுமான அளவு போடவில்லை. அளந்து பார்க்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு நோய். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். சோதிக்க ஒரு மாத்திரை போதும். தண்ணீர் இளஞ்சிவப்பானால் இருக்கிறது, நிறமே வராவிட்டால் இல்லை.

ஏழாம்படி:
ஊரைத் திருத்துங்கள், கை தட்டுகிறேன். திருந்தும் வரை என் பிள்ளைகள் என்ன குடிப்பார்கள்? அதுதான் என் கேள்வி.

ஈரக்கை:
ஸ்பேனர் அண்ணா எழுதியதைப் படித்ததும் டேங்க்கைத் திறந்தேன். அதை விவரிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே சம்புக்குள் இறங்கிக் கழுவலாம் என்று இருக்கிறேன்.

ஸ்பேனர்:
இறங்காதீர்கள். தனியாக இறங்கவே கூடாது. வெகுநாள் மூடிக் கிடந்த சம்பில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், மூக்குக்குத் தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். இந்த வேலையில் இப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். மூடியை வெகுநேரம் திறந்து வைத்து, காற்று அடித்து, மேலே கயிற்றோடு ஆள் நிற்க வேண்டும். தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள்.

மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணையுங்கள். நீர்மூழ்கி மோட்டார் என்றால் கேபிள் உறையில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

கழுவியபின் 1,000 லிட்டர் டேங்குக்கு 150 கிராமுக்குக் கொஞ்சம் மேலே புதிய பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, டேங்கை நிரப்பி ஒரு நாள் விட்டு முழுக்கத் திறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பாத்ரூம் ஆசிட்டையும் இதையும் சேர்க்கவே கூடாது, நச்சுப் புகை கிளம்பும். வேலை முடிந்ததும் சம்ப் மூடிக்குப் பூட்டு. நான்கு மாதக் குழந்தை சீக்கிரம் தவழும்.

ஈரக்கை:
ஆள் வைத்துத்தான் கழுவினோம். அதற்கு முன்பே சோதித்துவிட்டேன். கேட் அருகே தெருக் குழாயில் மாத்திரை போட்டதும் இளஞ்சிவப்பு வந்தது. சமையலறையில் நிறமே இல்லை. மலக்கிருமி பார்க்கும் குப்பிகளும் வாங்கினேன், கிருமி இருந்தால் தண்ணீர் கறுக்கும். தெருத் தண்ணீர் இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தது. சமையலறைத் தண்ணீர் இரண்டாம் நாள் காலையில் கறுத்துவிட்டது. அந்தக் குப்பியை மாமனார் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் நைட்ரேட் வரம்புக்குள் இருக்கிறது என்கிறார்கள், ஃபுளூரைடும் அப்படியே. கடினத்தன்மைதான் அதிகம்.

பாசிப்படிக்கட்டு:
அப்படியானால் ஆர்.ஓ. வேண்டாம். குழந்தைக்கும் உங்களுக்கும் நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்த தண்ணீர் போதும். அடுத்த வாரம் சமையலறையில் இன்னொரு குப்பி வையுங்கள்.

ஏழாம்படி:
கோடையில் ஆறு வற்றிப் போர் தண்ணீர் மட்டும் விடும்போது மறுபடி ஆய்வுக்கு அனுப்புங்கள். அப்போது நைட்ரேட் ஏறியிருந்தால் நான் சொன்னதை வாங்குவீர்கள்.

ஈரக்கை:
அனுப்புகிறேன். இப்போதைக்குக் கொதிக்க வைக்கிறோம். மாமனார் மட்டும் கொதித்த தண்ணீரில் உயிர் இல்லை என்று தெருக் குழாயில் சொம்பு பிடித்துக் குடிக்கிறார். இரண்டாவது சொம்பு.