நன்கொடைப் பக்கத்தில் பிட்காயின் முகவரி: யாருக்கு என்ன தெரியும்?

நிலவன்:
"முகவரியில் பெயர் இல்லையே, அப்புறம் என்ன பயம்" என்று சொல்லி, செய்தித் தளங்கள் ஒரே பிட்காயின் முகவரியை நிரந்தரமாகப் போட்டு வைக்கின்றன. அது தப்பு. வந்த ஒவ்வொரு வரவும் இருப்பும் உலகத்துக்கே தெரியும். கொடுத்தவர் எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் தளம்) நேரே அனுப்பியிருந்தால் அவருடைய அடையாள ஆவணமும் அங்கே இருக்கிறது. அனுப்புபவரையும் தொகையையும் மறைக்கும் மோனேரோ என்ற நாணயத்துக்கு மாறுவதுதான் வழி.

சில்லறை:
ஒரே முகவரி தப்பு, சரி. அதற்காக மாற வேண்டியதில்லை. பிடிசிபே சர்வர் என்ற, பிட்காயின் வாங்கும் மென்பொருளை வைத்தால் ஒவ்வொரு கொடைக்கும் புது முகவரி தானே வரும். அதற்கு எக்ஸ்பப் (புது முகவரிகளை உருவாக்கும் பொதுவிசை) கொடுத்தால் போதும், பணத்தைச் செலவழிக்கும் தனிவிசை சர்வரில் இருக்காது.

மாட்டுவது வாங்கும்போது அல்ல, செலவழிக்கும்போது. 0.003, 0.004, 0.005 என வந்த மூன்றையும் சேர்த்து 0.01 அனுப்பிப் பாருங்கள். மூன்று முகவரியும் ஒரே ஆளுடையது என்று ஆய்வு மென்பொருள் முடிவு கட்டிவிடும். பிட்காயினை அறிமுகப்படுத்திய 2008 வெள்ளையறிக்கையே இதைச் சொல்கிறது. கட்டணம் போக மீதி 0.002க்குக் கொஞ்சம் குறைவாகப் புது முகவரிக்குத் திரும்பும். ரவுண்டான தொகை கொடுத்தது, உதிரியானது மீதி என்று அதையும் ஊகிப்பார்கள். ஸ்பாரோ என்ற பிட்காயின் வாலட்டில் ஒவ்வொரு வரவுக்கும் குறிப்பு எழுதி, எதைச் செலவழிப்பது என்று கையால் தேர்ந்தெடுங்கள்.

நிலவன்:
கையால் செய்வதில் ஒரு முறை தவறினால் போதும், பதிவு அழியவே அழியாது. 2016இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் திருடப்பட்டது 1,19,754 பிட்காயின். ஒரு பகுதியை ஆல்ஃபாபே கறுப்புச் சந்தை வழியாகச் சுற்றவிட்டார்கள். ஆனாலும் 2022 பிப்ரவரியில் சுமார் 94,000 பிட்காயினை அமெரிக்க அரசு கைப்பற்றியது. மோனேரோவில் செலவழிக்கும் ஒவ்வொரு வரவும் 15 போலிகளோடு கலந்து நிற்கும், தொகையும் மறைந்திருக்கும். பயனர் ஒழுக்கத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

கணக்கர்:
திருடர் பிடிபட்டதை நீங்கள் குறையாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. தடம் இருப்பதால்தான் பறிகொடுத்தவருக்கு நம்பிக்கை. தவிர, நன்கொடை வாங்கும் அமைப்பு கணக்குக் காட்ட வேண்டாமா? மோனேரோவைப் பணமாக்கவும் இடம் குறைவு. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் அதை நீக்கிவிட்டது.

நிலவன்:
தணிக்கையாளருக்கு மோனேரோவின் பார்வை விசையை (பார்க்கலாம், செலவழிக்க முடியாது) கொடுங்கள், எல்லா வரவும் தெரியும். கொடுத்தவர் யார் என்பது மட்டும் தெரியாது. கொடையாளி ஆபத்தில் இருக்கும் நாட்டில் அதுதானே தேவை!

கணக்கர்:
அந்த விசை வரவை மட்டும் காட்டும். செலவைச் சரிபார்க்க கீ இமேஜ்களையும் (எந்த வரவு செலவாகிவிட்டது என்று காட்டும் குறியீடுகள்) ஏற்றுமதி செய்து தர வேண்டும்.

சில்லறை:
அதோடு, மோனேரோவும் வெளியே வரும் இடத்தில் கசியும். ஒரு தொகையைப் பிட்காயினிலிருந்து மோனேரோவாக மாற்றி, வந்ததை உடனே செலவழிக்க விடாத 10 பிளாக் பூட்டு, அதாவது சுமார் 20 நிமிடம், முடிந்ததும் அதே அளவை மறுபடி பிட்காயினாக்கினால், நேரத்தையும் தொகையையும் வைத்தே இரண்டையும் பொருத்திவிடலாம். தொகையைப் பிரித்து, நாள் இடைவெளி விடுங்கள். எந்த நாணயமானாலும் சொந்த நோடு (நாணயத்தின் பதிவேட்டைத் தானே சரிபார்க்கும் கணினி) ஓட்டுங்கள். வாலட்டுக்கு இருப்பைச் சொல்லும் எலக்ட்ரம் சர்வர் அடுத்தவருடையதாக இருந்தால், உங்கள் முகவரிகள் எல்லாம் ஒரே ஐபியோடு (உங்கள் இணைய இணைப்பின் எண்) அங்கே சேரும்.