மூன்று வகுப்பு ஒரே அறையில்: டீச்சர் வெளியே போனதும் கிளம்பும் சத்தத்தை என்ன செய்வது?

கொண்டைஊசி_20 கேட்டது:

வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சேலம், அம்மாபேட்டை பக்கம். கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது ஏற்காடு மலையில் ஒரு ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் நாலாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் பக்கத்து அறையில் வைத்துக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் எங்கள் அறையில், பாய் போட்டு மூன்று வட்டமாக. சின்ன வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வைப்பதற்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இருப்பதால் வகுப்பைப் பார்த்து உட்கார வைப்பதில்லை, அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று கற்றல் நிலை, அதைப் பார்த்துத்தான்.

டீச்சர் உள்ளே இருக்கும்வரை பிள்ளைகள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார்கள். அவர் கத்துவதில்லை, குச்சியும் கிடையாது. எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு, வட்டார வள மையத்தில் கூட்டம் என்று அவர் கிளம்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அறை சந்தைக்கடை. "மிஸ் இவன் என் ரப்பரை எடுத்துக்கிட்டான்", "மிஸ் ஒன்னுக்கு", "மிஸ் முடிச்சிட்டேன்", அதற்குள் இன்னொன்று என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு "மிஸ் நானும் முடிச்சிட்டேன்".

பார்வையிட வந்த விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்து கவனித்துவிட்டு, வகுப்புக் கட்டுப்பாடு போதாது, குரலில் கண்டிப்பு வேண்டும் என்று ரெக்கார்டில் எழுதிவிட்டுப் போனார். ஆனால் சத்தம் எப்போது தொடங்குகிறது என்று நான் நோட்டில் குறித்துக்கொண்டே வருகிறேன். கதை சொல்லும்போது வருவதில்லை. பாட்டு, விளையாட்டிலும் சத்தம் உண்டு, ஆனால் அது வேறு சத்தம். பயிற்சி நூலை எடுத்துக் கொடுக்கும்போது வருகிறது. பாட்டு முடிந்து எழுத உட்காரும் இடத்தில் வருகிறது. மலர் வட்டம் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்போதும், நான் அரும்புப் பிள்ளைகளோடு குனிந்து உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது. அதாவது ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. அப்படியென்றால் இதற்கும் என் குரலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இடைவெளிகளை நீங்கள் எல்லாம் எப்படிக் கடக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், காப்பிப் பழம் பறிக்கும் சமயமானால் பெற்றோரோடு தோட்டத்துக்குப் போய்விடுவான். திரும்பி வந்தால் ஓரிடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான், வட்டம் வட்டமாகப் போய் எல்லோரையும் சீண்டுகிறான். அவனை என்ன செய்யலாம்?

"நல்லா அடிங்க, அப்பத்தான் பயம் இருக்கும்" என்ற யோசனை ஊரிலேயே நிறையக் கிடைக்கிறது, அது வேண்டாம்.

---

சாக்பீஸ்டப்பா:

தங்கச்சி, நீ குறித்து வைத்திருப்பதுதான் விஷயமே. ஜேக்கப் கூனின் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர், 1970 வாக்கில், வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பார்த்து ஆராய்ந்தார். பிள்ளை சேட்டை செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை அவருக்கு. சேட்டைக்கு முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் தெரிந்தது. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு வகுப்பைத் தடங்கல் இல்லாமல் நகர்த்துவது, ஒரு குழுவோடு இருக்கும்போதே மற்ற குழுவும் கண்ணில் இருப்பது, இந்த மாதிரி. உங்கள் டீச்சர் செய்வதும் அதுதான், ஆனால் பல வருஷப் பழக்கத்தில் செய்வதால் வெளியே தெரியாது, அவரைக் கேட்டால் "ஒண்ணும் பண்ணலையே" என்பார். அடுத்த முறை அவர் பாடத்தைக் கவனிக்காதே, அவர் எங்கே உட்காருகிறார், நோட்டு யார் கையிலிருந்து யாருக்குப் போகிறது, அதை மட்டும் பார்.

நான் சேலம் டவுனில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவள். என் அறையில் முதல் விதி, கை காலியாக இருக்கும்போதுதான் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். பயிற்சி நூலைக் கொடுத்துவிட்டு "எந்தப் பக்கம் எடுக்கணும்னா" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது, பாதிப் பேர் படம் பார்ப்பார்கள், நாலு பேர் பின் அட்டையில் பெயர் எழுதுவார்கள். முதலில் சொல்லு, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லு, அப்புறம் நூல் போகட்டும். அதுவும் நீ கொடுக்காதே. வட்டத்துக்கு ஒரு பிள்ளை, வாரத்துக்கு வாரம் மாற்று. பென்சில், ரப்பர் எல்லாம் வட்டத்துக்கு ஒரு டப்பாவில் பொதுவாக இருக்கட்டும், ரப்பர் பஞ்சாயத்து முக்கால்வாசி குறைந்துவிடும்.

உட்காரும் இடமும் முக்கியம். அரும்புப் பிள்ளைகளோடு உட்காரும்போது உன் முதுகு சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும், மூன்று வட்டமும் கண்ணில் பட வேண்டும். எழுந்து போகாமல், "மொட்டு வட்டத்தில ரெண்டு பேரு வரைஞ்சு முடிக்கப் போறாங்க போல" என்று இங்கிருந்தே ஒரு வார்த்தை விட்டால் போதும், டீச்சருக்கு நாம் தெரிகிறோம் என்று புரிந்துவிடும்.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு அடுத்த வேலை காலையிலேயே தயாராக இருக்க வேண்டும், அதை எடுக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்க வேண்டும். கதை அட்டை, புளியங்கொட்டை வைத்துக் கணக்கு, எதுவானாலும் சரி. அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடு என்று அனுப்பாதே, ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் அது சொல்லிக்கொடுப்பதாக இருக்காது, அவனே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான்.

இதெல்லாம் சொன்னதும் வராது. நூல் எடுப்பது, திருப்பி வைப்பது, வட்டம் மாறுவது, இதையே ஒரு பாடம் மாதிரி எடுத்து விளையாட்டாகப் பழக்க வேண்டும். பாடக்குறிப்பில் அதற்கு இடம் கிடையாது, அதனால் யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

---

ரெண்டாவது_செட்:

நானும் பயிற்சி மாணவன்தான், ஓமலூர் பக்கம். அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் அந்த அளவுக்குப் பழக்க எங்களுக்கு ஏது நேரம், பிள்ளைகள் பழகுவதற்குள் பயிற்சி முடிந்துவிடும். எனக்கு வேலை செய்தது ஸ்டார் ஸ்டிக்கர். எந்த வட்டம் அமைதியோ அதற்கு ஒரு ஸ்டார். அப்புறம் வகுப்புத் தலைவனைப் போட்டுப் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொன்னேன். நாமெல்லாம் அப்படித்தானே படித்தோம்?

---

சாக்பீஸ்டப்பா:

தம்பி, ஸ்டாரை விடு, அது உன்னோடு வந்து உன்னோடு போய்விடும். போர்டில் பெயர் எழுதுவதுதான் எனக்கு ஆகாது. என் வகுப்பில் ஒரு காலத்தில் தலைவிக்கு அரை நெல்லிக்காய் கொடுத்தால் பெயர் அழியும், முழு மாங்காய்க் கீற்று கொடுத்தால் எதிரியின் பெயர் ஏறும். எழுதுகிற பிள்ளைக்கும் அந்த நேரத்தில் பாடம் போச்சு.

அமைதிக்குப் பரிசு என்று வைத்தால் அமைதியாக இருப்பதே வேலை என்றாகிவிடும். ஸ்டார் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பாயைச் சுருட்டி டப்பாவை மூடி அடுத்த வேலைக்குத் தயாரான வட்டத்துக்குக் கொடு.

---

மலைக்காற்று_ஓய்வு:

ஏற்காட்டுப் பள்ளிகளில் பல காலம் இருந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். கண்ணு, உன் அறையின் நிலைமைக்கு முதல் காரணம் நீயும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். வகுப்பு அஞ்சு இருந்தாலும் ஆசிரியர் ரெண்டுதான். மலையில் பெரும்பாலான பள்ளிகள் இந்தக் கணக்குக்குள்தான் அடங்கும். ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர், எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து உட்காருவது என்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த அறையைப் பார்த்தால் கட்டுப்பாடு இல்லை என்றுதான் எழுதுவார்கள்.

2007இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தபோது நாங்கள் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம். அது முதலில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தது, அதற்கு ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலி பள்ளியின் கற்றல் முறை முன்மாதிரி. படிப்படியாகப் பாட வரிசையைக் காட்டும் கற்றல் ஏணி, படக்குறி போட்ட அட்டை, பிள்ளை உயரத்துக்குச் சுவரைச் சுற்றிலும் கீழ்மட்டக் கரும்பலகை. அட்டையைத் தட்டிலிருந்து பிள்ளையே போய் எடுத்துக்கொள்ளும், எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று அட்டையே சொல்லிவிடும். ஆசிரியர் துணையோடு படிக்கும் குழு ஒன்று, சக மாணவர் துணையோடு ஒன்று, தானே படிப்பது ஒன்று, இப்படி மொத்தம் ஆறு குழு. பெற்றோர் வந்து எட்டிப் பார்த்து, "வாத்தியார் தரையில உக்காந்திருக்காரு, பசங்க நடந்துகிட்டே இருக்காங்க, இது பள்ளிக்கூடமா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை, அட்டை தொலைந்தால் அத்தோடு நின்றுவிடும், நிறைய ஆசிரியர்கள் பதிவேடு நிரப்பியே ஓய்ந்தார்கள். ஆனால் உன் கேள்விக்கான பதில் அதற்குள் இருந்தது. முடித்த பிள்ளை ஆசிரியர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

தோட்டத்துக்குப் போய் வரும் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பழம் பறிப்பு கார்த்திகை வாக்கில் சூடுபிடித்தால் தை வரை இழுக்கும், அப்புறம் மிளகு. வீட்டில் தனியாக விட முடியாமல் கூட்டிப் போவார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். அங்கே அவன் நாள் முழுக்க மேடும் பள்ளமும் நடந்தவன். திரும்பி வந்ததும் பாயில் உட்கார் என்றால் உட்காருவானா? அதைவிடப் பெரிது, அவன் போகும்போது எந்தப் பக்கத்தில் விட்டானோ அதிலிருந்து வட்டம் எங்கேயோ போய்விட்டது. அவன் சீண்டுவது விளையாட்டுக்கு இல்லை, எதுவும் புரியவில்லை என்பதை மறைக்கத்தான்.

வந்த அன்று எல்லோர் முன்னாலும் "ஏன்டா இத்தனை நாள் வரலை" என்று கேட்காதே. அவன் விட்ட இடத்தை நீ எழுதி வைத்திருந்தால் அங்கிருந்தே கொடு, அதற்காகக் கீழ் நிலை வட்டத்துக்கு மாற்றினாலும் மாற்று, ஆனால் முதலில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வை. நடந்தே ஆக வேண்டும் என்றால் நடக்கிற வேலையாகக் கொடு. தண்ணீர்ப் பானைப் பொறுப்பு, அட்டைகளைத் திருப்பி அடுக்குவது, பக்கத்து அறைக்குப் பதிவேடு கொண்டு போவது. தோட்டத்தில் எத்தனை கூடை, ஒரு கூடையில் எவ்வளவு என்று கேட்டால் அவன் சொல்லும் கணக்கை நீயே போர்டில் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டுவிட்டு உடனே அடுத்த பிள்ளைக்குத் தாவாதே. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கவனித்ததில் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக 1 நொடிதான், அதையே 3 நொடி ஆக்கினால் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், பதிலும் நீளமாக வருகிறது. எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் கொடுக்கலாம். வாய் திறக்கவே யோசிப்பார்கள், திறந்துவிட்டால் நிறுத்த முடியாது.

---

கொலுசுப்பட்டறை:

வணக்கங்க. நான் ஆசிரியர் இல்லைங்க, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை, பொண்ணு அரசுப் பள்ளியில் ரெண்டாவது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று நாங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்காதீங்க. எங்க அப்பா சொன்னாரு, நாங்களும் சொல்றோம், டீச்சர் மேல நம்பிக்கை இருக்குன்னு காட்டத்தான் அது. நிஜமா அடிச்சா வீட்டில யாருக்கும் தாங்காது.

என் பொண்ணை யாரும் அடிச்சது கிடையாது. ஆனா பக்கத்தில இருக்கிற பையனை டீச்சர் கத்தினா அன்னைக்கு இவ சாப்பிட மாட்டா. கேட்டா "என்னை இல்லப்பா" என்பா.

---

சாக்பீஸ்டப்பா:

கொலுசுப்பட்டறை சார் சொன்னதை எல்லாப் பயிற்சி நிறுவனத்திலும் ஒட்டி வைக்கலாம். நான் மேலே சொன்ன கூனின் முதலில் கவனித்ததே இதைத்தான். ஒருவனைத் திட்டினால் அது பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று. சின்ன வகுப்பில் கடுமையாகத் திட்டினால் பார்ப்பவர்கள் திருந்துவதில்லை, மிரண்டு போய்க் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, "உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு" என்பது எல்லாம் அதில் வரும் என்று பயிற்சி மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் குச்சியை விட்டவர்கள் பலர் வாயை விடவில்லை.

---

கொண்டைஊசி_20:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் இருந்த நாளில் பாடத்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனித்தேன். அக்கா சொன்ன மாதிரியே சுவரோரம்தான் உட்காருகிறார். பாட்டு முடிவதற்கு ஒரு வரி இருக்கும்போதே தலையை ஆட்டுகிறார், மூன்றாம் வகுப்புப் பெண் எழுந்து போய் டப்பாக்களை வைத்துவிடுகிறாள், பாட்டு நிற்கும்போது பென்சில் கையில் இருக்கிறது. இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லை.

பொது டப்பா வைத்துவிட்டேன், ரப்பர் சண்டை நின்றது, இப்போது டப்பாவை யார் எடுப்பது என்று சண்டை. முடித்தவர்களுக்கு வைத்த கதை அட்டை மலர் வட்டத்துக்கு ஓடுகிறது, மொட்டு வட்டம் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் "மிஸ் முடிச்சிட்டேன்". பையனுக்குத் தண்ணீர்ப் பொறுப்பு கொடுத்தேன். இப்போது தாகம் இல்லாதவர்களுக்கும் தண்ணீர் கிடைக்கிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. மூடுபனி இறங்கினால் அறைக்குள் எழுத்தே தெரிவதில்லை, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போகும். எழுத்து வேலையை நிறுத்தினால் மூன்று வட்டமும் ஒரே நேரத்தில் சும்மா ஆகிவிடுகிறது. அப்போது?

---

மலைக்காற்று_ஓய்வு:

வட்டத்தைக் கலைத்துவிட்டு எல்லோரையும் ஒன்றாக நெருக்கி உட்கார வை, குளிருக்கும் நல்லது. விடுகதை, ஒரு பிள்ளை விட்ட இடத்திலிருந்து அடுத்த பிள்ளை தொடரும் கதை, கைதட்டி இரண்டு இரண்டாக எண்ணுவது. மூன்றாம் வகுப்புக்காரன் ஐந்து ஐந்தாக எண்ணட்டும், ஒன்றாம் வகுப்பு தட்டட்டும். வெளிச்சம் வந்ததும் விட்ட பக்கத்துக்குப் போ.

டப்பாவுக்கு இன்று யார் என்று சுவரில் பெயர் அட்டை மாட்டு. மொட்டு வட்டத்துக்குக் கதை அட்டை இப்போது வேண்டாம், வரிசைப்படுத்தும் பட அட்டை கொடு. ரெக்கார்டில் அந்த விரிவுரையாளர் எழுதியதற்குக் கீழேயே நீ நோட்டில் குறித்ததை நேரத்தோடு எழுது. நூல் கொடுக்க எவ்வளவு நேரம் ஆனது, முன்னே சொல்லிவிட்டுக் கொடுத்தபோது எவ்வளவு நேரம் ஆனது என்று. அடுத்த முறை அவர் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தே கொடு.