எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஃபுட்பால் அணி வந்தபோது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

சான் அன்டோனியோவில் படித்தவர்:

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் புதிதாக ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) அணி தொடங்கிய சமயத்தில் அங்கே படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள். முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

நான் யூடிஎஸ்ஏவில், அதாவது டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ பல்கலைக்கழகத்தில், சேர்ந்தபோது அணி கிடையாது. பாதிப் பேர் வீட்டிலிருந்து காரில் வந்து போகிறவர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் பார்க்கிங் காலி, சனி ஞாயிறு கேம்பஸில் ஆள் நடமாட்டமே இருக்காது. இன்னொன்றும் எனக்கு உறுத்தும். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு பனியனோ, டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் மெரூன் பனியனோ போட்டிருப்பார்கள். ஃபீஸ் கட்டுவது இங்கே, கொண்டாடுவது பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தை.

2007-லேயே மாணவர்கள் வாக்களித்து, விளையாட்டுக் கட்டணத்தை உயர்த்தச் சம்மதித்திருந்தார்கள். அவர்களில் பலர் முதல் ஆட்டத்துக்கு முன்பே பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். தங்களால் அனுபவிக்க முடியாத ஒன்றுக்காகக் கை தூக்கியவர்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கோச்சாக வந்தவர் லாரி கோக்கர், மயாமி பல்கலைக்கழக அணியை 2001-ல் தேசிய சாம்பியன் ஆக்கியவர். அப்போதுதான் ஊரும் திரும்பிப் பார்த்தது.

2011 செப்டம்பர் 3, ஊரில் இருக்கும் அலமோடோம் ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். 56,743 பேர் வந்தார்கள். புதிய அணி ஒன்றின் முதல் ஆட்டத்துக்கு அதற்கு முன் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. பக்கத்து இருக்கையில் எண்பதுகளில் இங்கே படித்த ஒருவர், மனைவியோடு வந்திருந்தார். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். படிப்பு முடிந்த பிறகு பல்கலைக்கழகம் சம்பந்தமாக எதற்குமே அவர் வந்ததில்லையாம். 31-3 என்று ஜெயித்தோம். முதல் டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்) அவர் அழுதே விட்டார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பில் நீலமும் ஆரஞ்சும் கலந்த எங்கள் பனியன்கள் கூடின. திங்கட்கிழமை லேபில், அதுவரை அசைன்மென்ட் தவிர வேறு எதுவும் பேசாதவர்கள் சனிக்கிழமை ஆட்டத்தைப் பேசினார்கள். எனக்கு முதல் அமெரிக்க நண்பன் கிடைத்தது அந்தப் பேச்சில்தான்.

ஒரு சிறிய கல்லூரியில் கணிதம் நடத்துபவர்:

உங்களுடையது பெரிய கூட்டம், பெரிய ஸ்டேடியம். நான் இருப்பது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் த்ரீயில் ஆடும் சின்னக் கல்லூரி, அதனால் கதையே வேறு. இந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது. சின்னக் கல்லூரிகள் ஃபுட்பால் தொடங்குவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். ஓர் அணிக்கு நூறு பையன்கள் வந்தால், நூறு பேரும் ஏதோ ஒரு அளவில் ஃபீஸ் கட்டிப் படிக்க வருகிறார்கள், ஹாஸ்டல் நிறைகிறது. எங்கள் நிர்வாகம் இதை ஆசிரியர் கூட்டத்தில் ஒளிவு மறைவில்லாமல் சொன்னது. சேர்க்கை சரிந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

சின்ன கேம்பஸில் ஒரே வருஷத்தில் நூறு பேர் கூடினால் எல்லா இடத்திலும் தெரியும். பயிற்சி முடிந்து ஏழரை மணிக்கு வரும் பையன்களுக்காக மெஸ் மூடும் நேரத்தைத் தள்ளி வைத்தார்கள். பெண்கள் அதிகமாக இருந்த வகுப்புகளில் விகிதம் மாறியது. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி பெண்களுக்கும் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்பதால், பெண்கள் அணிகளைக் கூட்டுவது பற்றிய பேச்சும் கூடவே வந்தது. எனக்கு அதில் ரொம்பவே சந்தோஷம்.

என் கால்குலஸ் வகுப்பில் முன் வரிசையில் ஒரு பையன், லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதுகிறவன். வலது கை விரல்கள் இரண்டிரண்டாகச் சேர்த்து டேப் ஒட்டியிருக்கும். பேனா பிடிக்க முடியாது. கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பென்சிலைச் செருகிக்கொண்டு இன்டக்ரல் போடுவான், எழுத்து ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு இருக்கும். ஒரு நாள்கூட அவன் தாமதமாக வந்ததில்லை. இன்னொருவனுக்குத் தலையில் அடிபட்டு கன்கஷன். விளக்கு வெளிச்சமே கண்ணுக்கு ஆகவில்லை, இடைத்தேர்வைத் தள்ளி வைத்தேன். இந்த ஆட்டத்தைக் கொண்டுவரும் கல்லூரி, அடிபட்ட பையனின் படிப்புக்கும் சேர்த்தே பொறுப்பெடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

ஒரு முனைவர் பட்ட மாணவி:

எல்லாரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள், நான் மறுபக்கத்தையும் வைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். லேபில் நாங்கள் வளர்க்கும் செல்களுக்கு (செல் கல்ச்சர்) சனிக்கிழமை என்று லீவு கிடையாது, அவை வளரும் திரவத்தை மாற்றியே ஆக வேண்டும். ஆட்ட நாளில் எங்கள் லேபுக்குப் பக்கத்துப் பார்க்கிங்கை நன்கொடையாளர்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள். வருஷம் முழுக்க பெர்மிட்டுக்குப் பணம் கட்டுகிற நாங்கள் கேம்பஸின் அடுத்த மூலையில் காரை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் சமைத்துச் சாப்பிட்டுக் கொண்டாடும் டெயில்கேட் கூடாரங்களுக்கு நடுவே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு முறை என் காரையே இழுத்துப் போய்விட்டார்கள்.

இதைவிடப் பெரியது கட்டணம். விளையாட்டுக் கட்டணம் ஆட்டம் பார்ப்பவர், பார்க்காதவர் என்று பிரித்து வாங்கப்படுவதில்லை. டீச்சிங் அசிஸ்டென்ட் சம்பளத்தில் டியூஷன் (படிப்புக் கட்டணம்) தள்ளுபடி கிடைக்கும், ஆனால் எங்கள் இடத்தில் இந்தக் கட்டணத்தை நாங்களே கட்டினோம். ஆட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பர்மிங்ஹாமிலிருந்து:

அணி இருந்து, இல்லாமல் போய், திரும்ப வந்த ஊர் எங்களுடையது. யூஏபி (அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம்) 2014 டிசம்பர் 2 அன்று செலவைக் காரணம் காட்டி ஃபுட்பாலை நிறுத்தியது. ஆட்டமே பார்க்காத எங்கள் லேப் ஆட்கள்கூட அணியின் நிறமான பச்சைச் சட்டையில் வந்தார்கள். ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் பணம் திரட்டினார்கள், 2015 ஜூன் மாதமே திரும்பக் கொண்டுவருவதாக அறிவிப்பு வந்தது. பழைய வீரர்களில் பலர் அதற்குள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டதால், கோச் பில் கிளார்க் கிட்டத்தட்ட அடியிலிருந்து ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. 2017-ல் மறுபடி களத்தில் இறங்கி, அடுத்த வருஷமே தங்கள் கான்ஃபரன்ஸின் (ஒன்றோடொன்று ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு) சாம்பியன் ஆனார்கள்.

ஒரு அப்பா:

யாருமே பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றிச் சொல்லவில்லையே! என் மகள் கிளாரினெட் வாசிப்பாள். படித்தது நர்சிங். அணி வந்ததால்தான் அவள் கல்லூரிக்கு மார்ச்சிங் பேண்டு (வாசித்தபடியே அணிவகுத்து நடக்கும் குழு) வந்தது. ஆகஸ்ட் வெயிலில், பார்க்கிங் தரையில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு போட்டு அடி எண்ணி நடப்பார்கள். அத்தனையும் ஆட்டத்தின் இருபது நிமிட இடைவேளையில் வாசிப்பதற்காக. முதல் செமஸ்டரில் யாரையும் தெரியாமல் தினமும் போன் செய்தவள், பேண்டில் சேர்ந்த பிறகு ஞாயிறன்று மட்டும் பேசினாள். எனக்கு ஸ்கோர் எதுவும் ஞாபகமில்லை.

சான் அன்டோனியோவில் படித்தவர்:

அண்ணா, பேண்டை விட்டது பெரிய குறைதான், நல்ல வேளை எழுதினீர்கள். அந்தச் சகோதரிக்கு: கட்டணம் பற்றிய வாக்கெடுப்பு வந்தால் முதுகலை மாணவர் சங்கம் வழியாக முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், எங்கள் துறையில் ஆட்ட நாளுக்கென்று லேப் ஆட்களுக்குத் தனி பார்க்கிங் அப்படித்தான் கிடைத்தது. கணித ஆசிரியரே, அந்த லைன்மேன் பையன் பாஸ் செய்தானா?

ஒரு சிறிய கல்லூரியில் கணிதம் நடத்துபவர்:

பி பிளஸ். அடுத்த செமஸ்டர் லீனியர் அல்ஜீப்ராவுக்கும் என்னிடமே வந்தான், இந்த முறை சீசன் முடிந்துவிட்டதால் டேப் இல்லாமல்.