மறு: ‘ஃபாஸ்ட் டிராவல்’: விரைவுப் பயணமா, வேறு சொல்லா?

வணக்கம்.

> ‘விரைவுப் பயணம்’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் உடனே புரிகிறதே.

புரியத்தான் செய்கிறது ஐயா. ஆனால் ஸ்கைரிம் என்ற வீடியோ ஆட்டத்தில் குதிரை வாங்கினாலும், மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் பனிக்கட்டிப் பாதை போட்டுப் படகு விட்டாலும் விரைவுப் பயணம்தானே? நம் ஆட்டச் சொற்பட்டியலுக்கு நாம் பெயர் தேடுவது, ஆட்டத்தின் வரைபடத்தில் ஓர் ஊரைத் தட்டியதும் அங்கே போய் நிற்கும் வசதிக்கு. ஸ்கைரிமில் அப்படித் தட்டிப் பாருங்கள், ஆட்டத்துக்குள் மணிக்கணக்கில் நேரம் ஓடியிருக்கும். காலையில் கிளம்பிய ஆள் இருட்டியபின் போய்ச் சேர்ந்திருப்பான். அவன் வழக்கமான நேரத்தை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறான், நாம்தான் உடன் இல்லை. கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்தில் பேருந்து ஏறித் தூங்கி, பினாங்கின் சுங்கை நிபோங்கில் கண் விழிப்பது மாதிரி. ஆகவே ‘நொடிப்பயணம்’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. ‘கூடுபாய்தல்’ அழகுதான், ஆனால் அதில் உடம்பு பின்னால் கிடக்குமே!

என் பரிந்துரை ‘வழித்தாவல்’. தாண்டப்படுவது வழி, அதைச் சொல்லிவிடுகிறது. உலாவியின் டேபுக்கு ‘தாவல்’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுவது தெரியும். முன்னால் ‘வழி’ நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது, உயிர் பிழைத்திருப்பதே நோக்கமான சர்வைவல் ஆட்டங்களுக்காக. (‘பிழைப்பாட்டம்’ என்று பட்டியலில் இருக்கிறது. பிழைப்பைக் கெடுக்கும் ஆட்டம் என்று வீட்டில் பொருள் சொல்கிறார்கள்.) அந்த வகையில் வழிதான் ஆட்டமே. ஃபால்அவுட் 4-க்கு 2016-இல் வந்த சர்வைவல் முறையில் வரைபடத் தாவலை எடுத்துவிட்டார்கள். பசி, தாகம், நோய் உண்டு. தோட்டாவுக்கும் எடை உண்டு. நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது, படுக்கை தேடிப் படுத்தால்தான் சேமிப்பு. கிளம்புமுன் கட்டுச்சோறு கட்டியாக வேண்டும். எவ்வளவு தண்ணீர், எத்தனை தோட்டா, இருட்டினால் எந்த ஊரில் ஒதுங்குவது என்று ஒவ்வொன்றும் கணக்கு. தாவலைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், இந்தக் கணக்கில் பாதி காணாமல் போகும். வீடு கட்ட இடம் தேர்வதற்கும் அப்புறம் பொருள் இருக்காது.

வால்ஹைம் என்ற ஆட்டம் இதில் கெட்டிக்காரத்தனம் செய்தது. ஓரிடத்தில் நுழைந்தால் வேறிடத்தில் வெளிவரும் மாய வாசல் வைத்து ஆளை அனுப்பலாம், ஆனால் செம்பு, வெள்ளீயம், இரும்பு எதையும் சாதாரண வாசல் விடாது. ஆள் தாவலாம், சுமை கடலில்தான் வர வேண்டும். நண்பர்களோடு ஆடியதில் எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் இரும்பு ஏற்றிய கப்பலும் பின்னால் வந்த கடல் பாம்பும்தான். 2023-இல் இந்தத் தடையை நீக்கிக்கொள்ளும் அமைப்பைக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் அதற்குப் பெரிய சண்டையே நடந்தது.

நட்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். பாயான் லெப்பாஸில் ஷிஃப்டு முடித்து வருகிறவருக்கு இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதில் பாதி, நேற்று கடந்த அதே காட்டைக் கடப்பதில் போகும். வழியில் செத்தால் விட்டுவந்த மூட்டைக்காக மறுபடியும் அதே நடை. வழியில் மழையோ பகையோ புதிதாக ஒன்றுமோ இல்லாமல் வெறுமனே நடக்கவிடும் ஆட்டங்கள், நீளத்தை ஏற்றிக்காட்டத்தான் தாவலைப் பிடுங்கியிருக்கின்றன என்பேன். அவற்றுக்கு என் வாக்கு கிடையாது.

பினாங்கிலிருந்து

---

அண்ணா, வணக்கம்.

‘வழித்தாவல்’ எனக்குச் சம்மதம். அது இல்லாமல் ஆடுவதற்கும் ஒரு பெயர் வேண்டுமே? ‘வழித்தாவலற்ற ஆட்டமுறை’ என்று எழுதினால் யாரும் இரண்டாம் முறை எழுத மாட்டார்கள். காவடிக்கு நடக்கிறவர்கள் பாடும் வழிநடைச் சிந்து இருக்கிறதே, அந்த ‘வழிநடை’ கையிலேயே இருக்கிறது. ‘வழிநடை முறை’ என்று வைக்கலாமா?

ஒரு திருத்தம். வால்ஹைம் வாசலை வழித்தாவலில் சேர்க்காதீர்கள். அது நாமே மரமும் பொருளும் சேர்த்துக் கட்டி, நடந்து நுழைவது. ஆட்ட உலகத்துக்குள் இருக்கும் ஒரு பொருள். வரைபடத்தைத் தட்டுவது அந்த உலகத்துக்கு வெளியே நடப்பது. மைன்கிராஃப்டின் நெதர் என்ற கீழுலகமும் அப்படித்தான். அங்கே ஒரு கட்டம் நடந்தால் மேலே எட்டுக் கட்டம், ஆனாலும் நடக்கத்தான் வேண்டும். அதைக் ‘குறுக்குவழி’ என்றால் போதும்.

கோலாலம்பூரிலிருந்து

---

தங்கச்சி சொல்வது சரி. வாசலைத் தனிப் பதிவாக்குகிறேன்: ‘பெயர்வாசல்’. வழிநடைக்கும் சம்மதம். ஆனால் ஃபால்அவுட்டில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தால் வானூர்தி வந்து ஏற்றிப்போகிறதே, வரைபடத்தில் இடம் காட்டினாலும் முழு வழியும் மேலிருந்து பார்த்துக்கொண்டே போகிறோம். என் கணக்கில் அதுவும் வழிநடை முறைக்குள்தான் வரும். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள், அதன்பின் பட்டியலில் ஏற்றலாம். வழித்தாவல் பொத்தானுக்கு மட்டும் ‘இங்கே தாவு’ என்று சுருக்கிவிடுகிறேன், கைபேசித் திரையில் அதற்குமேல் இடமில்லை.