ரீவயரிங் நேரத்தில் லைட் ஆட்டோமேஷன்: பச்சைக் கேபிளா, ஜிக்பீயா?

கொங்குவீடு:
கோவையில் 20 வருஷப் பழைய வீடு. கீழும் மேலும் சேர்த்து 1,450 சதுர அடி, முழு ரீவயரிங். 34 லைட், 7 ஃபேன், மாடிப்படிக்கு ஒரு டூவே (மேலும் கீழும் இரண்டு சுவிட்ச், ஒரே லைட்). இன்டீரியர் பார்ப்பவர் கேஎன்எக்ஸ் என்ற வயர் வழி ஆட்டோமேஷன் முறைக்குப் பச்சைக் கேபிள் இழுக்கச் சொல்கிறார். எலக்ட்ரீஷியன் வைஃபை சுவிட்ச் போதும் என்கிறார். திங்கட்கிழமை சுவர் வெட்ட ஆரம்பிக்கிறார்கள். வயதான அப்பா அம்மா இருக்கும் வீடு. சுவரில் சுவிட்சைத் தட்டினால் லைட் எரிந்தாக வேண்டும். எதற்குப் போகலாம்?

பச்சைக்கேபிள்:
சுவர் திறந்திருக்கும்போதே கேபிளை இழுத்துவிடுங்கள் சார். பூசிப் பெயின்ட் அடித்த சுவரை மறுபடி வெட்ட யாருக்கும் மனசு வராது. கேஎன்எக்ஸில் லைட் சுவிட்சுக்கு 230 வோல்ட் போவதே இல்லை. பச்சை உறை போட்ட 2×2×0.8 மிமீ கேபிளில் சுமார் 30 வோல்ட் டிசி ஓடும். சுவரில் இருக்கும் பட்டன் அதில் ஒரு சிறு செய்தி அனுப்பும், டிபி பாக்ஸில் (வீட்டு லைன்களெல்லாம் பிரியும் பெட்டி) இருக்கும் ஆக்சுவேட்டர் என்ற சாதனம் லைட்டைப் போடும். நடுவில் சர்வரும் கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாது. ஒவ்வொரு சாதனமும் தன் வேலையைத் தனக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கும். 1990-களில் வந்த இஐபி என்ற ஐரோப்பிய முறையின் தொடர்ச்சி இது, இன்று ஐஎஸ்ஓ தரம். ஒரு கம்பெனி மூடினாலும் இன்னொரு கம்பெனி பட்டன் அதே கேபிளில் ஓடும்.

கேபிளை மரக்கிளை மாதிரி எப்படியும் பிரிக்கலாம். வளையமாக மட்டும் முடிக்கக் கூடாது.

சுவிட்ச்பெட்டி:
செலவுக் கணக்கு வரவில்லையே நண்பரே. ஆக்சுவேட்டர் டிபியில் இருந்தால் 34 லைட்டுக்கும் 7 ஃபேனுக்கும் தனித்தனி வயர் அங்கே வர வேண்டும். ஒன்றுக்குச் சராசரி 15 மீட்டர் என்றாலும் 615 மீட்டர், அதாவது 90 மீட்டர் காயில் ஏழு. நியூட்ரலும் எர்த்தும் இதில் சேரவில்லை. அத்தனை பைப்பும் டிபி பக்கம் குவியும்போது சுவரில் வெட்டும் காடி எவ்வளவு அகலம் போகும்? நாலரை அங்குலச் சுவரில் அதை வெட்டவே கூடாது.

அடுத்தது புரோகிராம். கேஎன்எக்ஸ் சாதனங்களைப் புரோகிராம் செய்யும் இடிஎஸ் மென்பொருளில் செய்த புராஜெக்ட் ஃபைலை இன்ஸ்டாலர் கொடுக்காமல் போய்விட்டால், நாளை ஒரு பட்டன் சேர்க்கக்கூட முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். கேஎன்எக்ஸ் போடுகிறவர்கள் கடைசித் தவணையை அந்த ஃபைல் கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.

இந்த அளவு வீட்டுக்கு என் தேர்வு, சாதாரண மாடுலர் சுவிட்ச், அதன் பின்னால் ஜிக்பீ (சாதனத்திலிருந்து சாதனத்துக்குச் சிக்னல் கடத்தும் வயர்லெஸ் முறை) ரிலே மாட்யூல், அதாவது அந்தச் சிக்னலில் லைட்டைப் போட்டு அணைக்கும் சிறு பெட்டி. மாட்யூல் செத்தால் இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கினால் பழைய சுவிட்ச் வேலை செய்யும். தெருமுனை எலக்ட்ரீஷியனுக்கே அது தெரியும்.

பச்சைக்கேபிள்:
ரிலே மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. எல்இடி டிரைவருக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. சுவிட்ச் போட்ட நொடியின் சிறு துளியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். நாளடைவில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், லைட் அணையாது. ஃபால்ஸ் சீலிங்கில் 12 டவுன்லைட்டை ஒரே மாட்யூலில் கட்டுகிறவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள். பெட்டிக்குள் இடமும் இல்லை. 8 மாட்யூல் பெட்டியில் (எட்டு சுவிட்ச் அளவு இடமுள்ள சுவிட்ச் பெட்டி) ரெகுலேட்டர், சாக்கெட், வயர்க் கற்றை போனபின் ரிலேயை எங்கே திணிப்பது? சூட்டுக்கும் வழி வேண்டும்.

சுவிட்ச்பெட்டி:
இரண்டும் உண்மையான பிரச்சினைகள், இரண்டுக்கும் இப்போதே வழி இருக்கிறது. 12 டவுன்லைட்டை இரண்டு மூன்று லைனாகப் பிரியுங்கள். ஜீரோ கிராசிங்கில் (ஏசி வோல்டேஜ் பூஜ்யத்தைத் தொடும் நொடியில்) சுவிட்ச் செய்யும் மாட்யூலாக வாங்குங்கள். 8 மாட்யூல் வேண்டிய இடத்தில் 12 மாட்யூல் பெட்டி பதித்து, மீதி நாலுக்கு டம்மி போடுங்கள். பெட்டியைச் சுவரில் பதித்த பிறகு இதைச் செய்ய முடியாது.

நியூட்ரல்முதலில்:
இருவரும் வயரிங்கைத் தாண்டிப் போய்விட்டீர்கள். திங்கட்கிழமைக்குள் முடிவாக வேண்டியது பிராண்ட் அல்ல, நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்). எல்லாப் பெட்டிக்கும் அது போக வேண்டும். நியூட்ரல் இல்லாத ஸ்மார்ட் சுவிட்ச், தான் உயிரோடு இருக்க லைட் வழியாகவே கொஞ்சம் கரன்ட் எடுக்கும். அதனால்தான் அணைத்த எல்இடி ராத்திரியில் மங்கலாக மினுங்குகிறது. அந்த வகை ஜிக்பீ சுவிட்சுகள் பெரும்பாலும் அடுத்த சாதனத்துக்குச் சிக்னலைக் கடத்துவதும் இல்லை.

நம் ஊர் போர்டில் சாக்கெட்டும் சேர்ந்திருப்பதால் நியூட்ரல் கையருகே கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான். லைட்டுக்கு ஃபேஸ் இன்வெர்ட்டர் லைனில் வரும், சாக்கெட் நியூட்ரல் மெயின் லைனுடையது. மாட்யூலை இந்த ஃபேஸுக்கும் அந்த நியூட்ரலுக்கும் நடுவே கட்டினால் ஒவ்வொன்றும் சில மில்லி ஆம்பியர் கணக்கை இடிக்கும். ஏழெட்டு சேர்ந்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (போகும் கரன்ட்டும் திரும்பும் கரன்ட்டும் பொருந்தாவிட்டால் அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணமே தெரியாமல் விழும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல், வேறு நிறத்தில் இழுக்கச் சொல்லுங்கள். ரவுட்டரும் ஹப்பும் (ஜிக்பீ சாதனங்களை இணைக்கும் மையப் பெட்டி) அதே இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

கரன்ட் போய் வந்ததும் லைட் என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்கை ‘முந்தைய நிலை’யில் வையுங்கள். சிலவற்றில் ‘ஆன்’ என்று வரும்; நடுராத்திரி கரன்ட் வந்தால் பெரியவர்கள் தூக்கம் போய்விடும்.

கிளவுடை, அதாவது கம்பெனியின் இன்டர்நெட் சர்வரை, மட்டும் நம்பி ஓடும் வைஃபை சுவிட்ச் வேண்டாம். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன, வாங்கியவர்கள் செயலி வழியாக எதையும் இயக்க முடியாமல் நின்றார்கள். வீட்டுக்குள்ளேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி ஒரு மென்பொருள் போதும். ஜிக்பீ டாங்கிளை (கணினியில் செருகும் சிக்னல் குச்சி) யுஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகாமல் ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள், அந்தத் துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும்.

கொங்குவீடு:
நன்றி. பெட்டி அளவையும் நியூட்ரலையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். ஃபேனும் மாடிப்படி டூவேயும் என்ன செய்வது?

சுவிட்ச்பெட்டி:
பிஎல்டிசி ஃபேன் (உள்ளேயே வேகக் கட்டுப்பாட்டு சர்க்யூட் உள்ளது) என்றால் ரெகுலேட்டரே கூடாது, நேர் சப்ளை. சாதாரண ஃபேனுக்குக் கெப்பாசிட்டரால் படிப்படியாக வேகம் மாற்றும் ஃபேன் மாட்யூல் தனியாக உண்டு. லைட் டிம்மரைக் கட்டினால் மோட்டார் முனகும்.

மாடிப்படிக்கு வழக்கமான டூவே வயரிங்கையே செய்யுங்கள். அதன் வெளிவரும் வயரை லைட்டுக்குக் கொடுக்காமல் மாட்யூலின் சுவிட்ச் முனைக்குக் கொடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் நிலை மாறும்படி செட் செய்யுங்கள். மாட்யூல் போனால் அந்த வயரை லைட்டோடு சேர்த்தால் பழைய டூவே வந்துவிடும். சில மாட்யூல்களின் சுவிட்ச் முனை 230 வோல்ட் தாங்காது, வாங்குமுன் அதன் வரைபடத்தைப் பாருங்கள்.

பச்சைக்கேபிள்:
மாடிப்படிக்கு இது சரி. ஆனாலும் ஒவ்வொரு போர்டிலிருந்தும் டிபி வரை ஒரு காலி 20 மிமீ பைப்பாவது போடுங்கள் சார், உள்ளே இழுவைக் கயிறோடு. பூசுவதற்கு முன் எல்லாக் காடியையும் அளவு டேப் வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.