ஆஸ்பத்திரி வேலையும் சட்டமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை நர்ஸ்

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வார்டு நர்ஸாக இருந்தேன். 2021-இல் ஒரு நைட் டூட்டி, மணி இரண்டு இருக்கும். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போட்டு ஊசியை வெளியே எடுக்கும்போது பேஷண்ட் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டார். கையுறையைக் கழற்றிப் பார்த்தால் என் ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ரத்தம்.

இன்சார்ஜ் அக்கா ஸ்பிரிட் பஞ்சோடு ஓடி வந்தார். "அழுத்தித் தேய்டி, ஒண்ணும் ஆகாது. மேனேஜ்மெண்ட் காதுக்குப் போக வேணாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் விரலைப் பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட் வைக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று படிக்கிற காலத்தில் சொல்லிக் கொடுத்தது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது. கழுவினேன். அப்புறம் வார்டு ரிப்போர்ட் புத்தகத்தில் தேதி, நேரம், எப்படிக் குத்தியது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நாலு வரியை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

காலையில் எச்.ஆர். கூப்பிட்டு, "உன் கவனக்குறைவு, செலவை நீயே பார்த்துக்கோ" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவும் சொன்னார். நான் கிழிக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தோழிக்குப் போன் போட்டேன். "பேசிக்கிட்டு நிக்காத, நேரா ஏ.ஆர்.டி. மையத்துக்கு வா" என்றாள். எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் இடம் அது. குத்திய ஊசி வழியாக அந்தக் கிருமி தொற்றாமல் இருக்க, தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எனக்கு முதல் வாரம் முழுக்க இட்லிகூட உள்ளே இறங்கவில்லை.

2017-இல் வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. கையுறை போன்ற பாதுகாப்பு, அதற்கான பயிற்சி, குத்திவிட்டால் இந்தத் தடுப்பு மாத்திரை, மூன்றையும் ஊழியருக்குத் தர வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை என்கிறது. இதைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். நகலில் தேதியோடு ஆஸ்பத்திரி சீல் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மூன்றாவது வாரம் பரிசோதனைச் செலவு கைக்கு வந்தது. வார்டு பிள்ளைகள் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து என் ரிசல்ட் நெகட்டிவ். அன்றைக்குத்தான் அம்மாவிடமே சொன்னேன்.

லேப் டெக்னீஷியன், திருமங்கலம்

அக்கா, படிக்கும்போதே வயிறு கலங்குது.

என் விஷயம் பிரசவ விடுப்பு. ஏழாம் மாதம், "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, குழந்தை பிறந்ததும் புதுசா சேர்த்துக்கிறோம்" என்று தன்மையாகத்தான் கேட்டார்கள். எழுதியிருந்தால் விடுப்புச் சம்பளமும் போயிருக்கும், அதுவரை பார்த்த வருஷக் கணக்கும் போயிருக்கும். பிரசவ விடுப்புச் சட்டத்தை 2017-இல் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும். எனக்குச் சம்பளம் 21,000-க்கு மேல், அதனால் அதில் இல்லை, நிர்வாகமே தர வேண்டும். என்னை அனுப்பப் பார்த்த காரணம் அதுதான்! ராஜினாமாவுக்குப் பதில் விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறு வாரமே அனுமதி வந்துவிட்டது.

நர்சிங் ஹோம் நிர்வாகி, மேலூர் பக்கம்

நான் முதலாளி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சில வருஷம் முன் ஒரு பெரியவர் எங்களிடம் இறந்துபோனார். அன்றிரவு கூட்டம் வந்து வரவேற்பறைக் கண்ணாடியை நொறுக்கியது. டூட்டியில் இருந்த சின்னப் பொண்ணு மருந்து அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதன்படி புகார் கொடுத்தோம்.

ஆனால் எங்கள் தப்பு வேறு இடத்தில். இறந்த பெரியவரின் மகன் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தந்திருக்க வேண்டும். பயத்தில் மூன்று வாரம் இழுத்தோம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு வந்தபோது சிகிச்சையைப் பற்றிக் கேட்டதைவிட, "ஏன் கொடுக்கவில்லை, எதைத் திருத்தினீர்கள்?" என்றுதான் அதிகம் கேட்டார்கள். நாங்கள் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. அதை நம்ப வைக்கத்தான் இரண்டு வருஷம் ஆனது. அந்த மகன் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. மூன்றாம் நாளே கையில் கொடுத்திருந்தால் அவருக்கும் மனசு ஆறியிருக்கும்.

நர்ஸம்மா, எங்களிடம் 22 பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு நடந்தது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை நர்ஸ்

கேட்டதே சந்தோஷம் அண்ணே. இருபது பேர் இருந்தாலே நான் சொன்ன எச்.ஐ.வி. சட்டப்படி புகார் அலுவலர் ஒருவர் வேண்டும், முதலில் அவரை நியமியுங்கள். ஊசி குத்தினால் எழுதத் தனி நோட்டு ஒன்று, பக்க எண் போட்டு வையுங்கள். கை கழுவுகிற குழாய்க்கு மேலே, ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுக்கிற ஆளின் நம்பரைப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.